தகரப் பெட்டிக்குள் கிடக்கும் ஊர்

(மும்பைத் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உள்ளூர் வரலாற்று நூலகம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நூலகம் என்றதும் அலமாரியும் புத்தகமும் 'சத்தம் போடாதீர்' என்ற பலகையும் நம் நினைவுக்கு வரும். நான் பேச வந்த நூலகத்தில் புத்தகம் கொஞ்சமாகத்தான் இருக்கும். அங்கே ரேஷன் கார்டு இருக்கும், கல்யாணப் பத்திரிகை இருக்கும், கோயில் கொடை நோட்டீஸ் இருக்கும், சீட்டுக் கணக்கு நோட்டு இருக்கும். உங்கள் தாத்தா தோல் ஷாப்பில் வாங்கிய கூலிச் சீட்டு இருக்கும். அப்படி ஒரு நூலகம் நமக்கு ஏன் வேண்டும்? அது இல்லாமல் போனால் நாம் எதை இழப்போம்? இந்த இரண்டு கேள்விகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் தாராவியை எடுத்துக்கொள்வோம். பஸ் டெப்போ பக்கத்தில் காலா கில்லா நிற்கிறது. எத்தனையோ பேர் தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள். அதன் சுவரில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறது. பம்பாய் ஆளுநர் ஜான் ஹோர்ன் ஆணைப்படி 1737ஆம் ஆண்டு கட்டப்பட்டது என்று அது சொல்கிறது. கட்டச் சொன்னவர் பெயர் இருக்கிறது. கல் சுமந்தவன் பெயர்? அது எங்கும் இல்லை. அடுத்து 1909ஆம் ஆண்டு வெளிவந்த பம்பாய் கெஜட்டியர். பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களில், அதாவது கோலி மீனவர் குடியிருப்புகளில், ஒன்று என்று தாராவியைச் சொல்கிறது. கோலி மீனவர்கள் ஒரு வரியிலாவது இடம்பிடித்துவிட்டார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் சாரை சாரையாக வந்த நம் பாட்டன் பாட்டிமார் எந்த ஏட்டில் இருக்கிறார்கள்?

1887இல் எழுந்த படீ மசூதி இங்கே இருக்கிறது. 1913ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் பிள்ளையார் கோயில் இருக்கிறது. பொங்கலன்று தொண்ணூறடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கும் நம் பெண்களை ஊரெல்லாம் வந்து படமெடுத்துப் போகிறது. சரி, அந்தக் கோயிலுக்கு முதல் ஓரணா கொடுத்தவர் யார்? வரி வசூலித்த நோட்டு யாரிடம் இருந்தது? அது இன்று எந்த ஒற்றை அறை வீட்டின் பரணில், எந்தத் தகரப் பெட்டிக்குள், எந்தக் கரப்பானுக்கு இரையாகிக்கொண்டிருக்கிறது?

தண்டவாளத்தைத் தாண்டி மாட்டுங்காவுக்கு வாருங்கள். 1896இல் இந்த நகரத்தைப் பிளேக் தாக்கியது. நெரிசலில் மக்கள் மடிந்தார்கள். அதன் விளைவாக 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் எல்லாம் அந்த டிரஸ்டு மனைபிரித்துச் சாலை போட்ட இடங்கள். அங்கே எழுந்த பிளாட் வீடுகளில் நம் தென்னிந்தியக் குமாஸ்தாக்களும் ஸ்டெனோகிராபர்களும் குடியேறினார்கள். 1932இல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி பள்ளி தொடங்கியது. 1952இல் ஷண்முகானந்த சபா வந்தது. இந்தக் கதையை நிகில் ராவ் என்ற வரலாற்றாசிரியர் 2013இல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். அவரால் எப்படி எழுத முடிந்தது? டிரஸ்டின் காகிதங்கள் பத்திரமாக இருந்தன, அதனால் முடிந்தது. மனை எத்தனை சதுர கஜம், குத்தகை எவ்வளவு, எந்த விதிப்படி மாடி கட்டலாம் என்பதெல்லாம் எழுத்தில் நின்றது.

மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் இருப்பது ரயில் பாதைதான். ஆனால் அந்தப் பக்கத்துக்கு ஆவணம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு வாய்ச்சொல் இருக்கிறது. அரசு எவரை முறையாகக் குடியமர்த்தியதோ அவரைப் பற்றி எழுதிவைத்தது. தானாகக் குடிசை போட்டு, சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கி வாழ்ந்தவரைப் பற்றி எதை எழுதியது? இடிக்கச் சொல்லும் உத்தரவை எழுதியது! ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு நோட்டீஸ் ஒட்டியவனின் கோப்பில் மட்டும் இருக்கலாமா?

செம்பூர், டிராம்பே பக்கத்துக் கதை இன்னும் அழுத்தமானது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஒரு தமிழ் இளைஞர், தச்சு வேலை தெரிந்தவர், மான்கூர்ட் ஜனதா காலனியில் தங்கினார். அவர்தான் ஜோக்கின் அற்புதம். அணுசக்தி நிலையத்தை ஒட்டியிருந்த அந்தக் காலனியை அகற்ற வேண்டும் என்று ஆணை வந்தது. அவர் ஊரைத் திரட்டினார், வழக்காடினார், போராடினார். 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப்புக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அந்த மனிதர் அடங்கவில்லை. குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பைக் கட்டி வளர்த்தார். 2000இல் மகசேசே விருது பெற்றார். 2018இல் மறைந்தார். ஜனதா காலனி இன்று இல்லை. அதன் தெருக்களின் பெயரைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அவரும் அவருடைய தோழர்களும் கண்டுபிடித்த ஓர் ஆயுதத்தை நாம் மறந்துவிடக் கூடாது. அரசு நம்மை எண்ணவில்லையா? சரி, நாமே எண்ணுவோம் என்றார்கள். 1985இல் ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பு பம்பாயின் நடைபாதைவாசிகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 6,000 குடும்பங்கள். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், என்ன வேலை, எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். நடைபாதையில் கிடப்பவர்கள் நேற்று ரயிலேறி வந்தவர்கள், நாளைக்குப் போய்விடுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தவர்களின் வாயை அந்த ஏடு அடைத்தது. எண்ணிக்கை எடுத்தவர்கள் பெரிய ஆய்வாளர்கள் என்றா நினைக்கிறீர்கள்? குடிசைவாசிகளே கற்றுக்கொண்டு செய்த வேலை அது. பிறகு உலகின் பல நாடுகளில் குடிசைப்பகுதி மக்கள் இந்த முறையைக் கையில் எடுத்தார்கள்.

ஒரு காகிதத்தின் மதிப்பு என்ன என்று தாராவிக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1976இல் குடிசைக் கணக்கெடுப்பு நடந்து போட்டோ பாஸ் என்ற அடையாளச் சீட்டு கொடுத்தார்கள். அதை உயிரைப் போலக் காத்தவர்கள் நாம். 2005 ஜூலை 26ஆம் தேதி ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது, மித்தி ஆறு பொங்கி வீட்டுக்குள் வந்தது. அன்று நம் அம்மாக்கள் முதலில் எதைத் தலைமேல் தூக்கினார்கள்? காகிதம் வைத்த பெட்டியைத் தூக்கினார்கள். தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்னால் இங்கே இருந்தோம் என்று காட்டினால்தான் தாராவியிலேயே இலவச வீடு என்பது இன்றைய கணக்கு. அதற்காக 2024இல் வீடு வீடாக அளந்து எண் எழுதத் தொடங்கினார்கள். மின்சார பில், ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட் எல்லாவற்றையும் தேடி எடுக்கிறோம். வீடு தரும் காகிதத்தைக் காக்கத் தெரிந்த நாம், வீடு தராத காகிதத்தை என்ன செய்கிறோம்? கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறோம்.

அதில் என்னவெல்லாம் போகிறது தெரியுமா? மணியார்டர் ரசீதுகள் போகின்றன. ஊருக்கு எவ்வளவு அனுப்பினார், எந்த மாதம் அனுப்ப முடியாமல் போனது, யார் பெயருக்கு அனுப்பினார் என்று ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையும் அந்தச் சின்னச் சீட்டில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகள் போகின்றன. மேலே குலதெய்வம், நடுவில் நாங்குநேரியோ ராதாபுரமோ ஓர் ஊர்ப்பெயர், கீழே 'தற்போது பம்பாய் 17' என்று ஒரு வரி. அந்த 'தற்போது' சில வீடுகளில் மூன்று தலைமுறையாக நீண்டுவிட்டது. ஊர்ச் சங்கங்களின் வரவு செலவு நோட்டுகள் போகின்றன. பிணத்தை ஊருக்கு அனுப்ப எவ்வளவு வசூலித்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்ற எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு அதில் இருக்கிறது. இதே மும்பையில் அச்சான 'மராத்திய முரசு', 'போல்டு இந்தியா' போன்ற தமிழ் ஏடுகளின் பழைய தாள்களும் பொட்டலம் கட்டப் போய்விடுகின்றன. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடுகளை நினைத்துப் பாருங்கள். எந்த ஆண்டில் எத்தனை பெண் குழந்தைகள் சேர்ந்தார்கள், எந்த வகுப்போடு நின்றார்கள் என்று அதைவிடத் துல்லியமாக யார் சொல்ல முடியும்?

1966இல் சிவசேனா தொடங்கியது. அதன்பின் சில ஆண்டுகள் 'மதராசி' என்ற சொல் இந்த நகரத்தில் எப்படி ஒலித்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். தென்னிந்திய ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அந்தக் காலத்தை ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து எழுதியிருக்கிறார்கள், மராத்தி ஏடுகளிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அந்த நாட்களில் மாட்டுங்காவிலிருந்து ஓர் அப்பா ஊரிலிருக்கும் தன் தம்பிக்கு எழுதிய இன்லண்ட் கடிதம் எங்கே? 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய்க்கு வந்தார், அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்தார். அப்போது இங்குள்ள தமிழர்கள் அச்சடித்த துண்டறிக்கையில் ஒரு படியாவது நம் வீடுகளில் மிஞ்சியிருக்கிறதா? தேடினோமா? தேடாமலே இல்லை என்று எப்படிச் சொல்வது?

இந்த நகரத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வெள்ளைக்காரர் 1804இல் தொடங்கிய சங்கம்தான் இன்று டவுன் ஹாலில் இருக்கும் ஆசியாட்டிக் சொசைட்டி. குஜராத்திகளுக்கு 1865 முதல் ஃபார்பஸ் சபா இருக்கிறது. மராத்தியருக்கு 1898 முதல் மும்பை மராத்தி கிரந்த சங்கிரஹாலயம் இருக்கிறது. பார்சிகளுக்கு 1916 முதல் காமா நிறுவனம் இருக்கிறது. நமக்குச் சங்கங்கள் இல்லையா? இருக்கின்றன. சபாக்கள் இல்லையா? அவையும் இருக்கின்றன. பட்டிமன்றம் நடத்தத் தெரியும், பால்குடம் எடுக்கத் தெரியும், கச்சேரிக்கு மண்டபம் நிறையக் கூடத் தெரியும். நம் தெருவின் காகிதத்தைக் காக்க ஓர் அறை கட்டத் தோன்றவில்லையே, அது நியாயமா?

பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். உங்களுக்கு ஒருவரைச் சொல்கிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி வாங்கத் தொடங்கியவர், வாழ்நாள் முழுவதும் நிறுத்தவில்லை. நூல்களை மட்டுமா சேர்த்தார்? தெருவில் ஒட்டிக் கிழித்தெறியும் நாடக நோட்டீஸைச் சேர்த்தார். கல்யாணப் பத்திரிகையைச் சேர்த்தார். கடிதங்களைச் சேர்த்தார். கோட்டையூர் வீடு முழுக்கக் காகிதம் நிறைந்தது. 1992இல் அவர் மறைந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் தாள்களும் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைகொடுத்து வாங்கியது. ஆனால் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. 19ஆம் நூற்றாண்டு அச்சு வரலாறு, பழைய நாடகம், சினிமா, மருத்துவம் எதை எழுத வேண்டுமானாலும் ஆய்வாளர்கள் இன்று அங்கே போகிறார்கள். அவர் புத்தகம் வாங்கிய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து சாம்பலானது. அவர் எடுத்து வைத்தது நிற்கிறது.

அதெல்லாம் சென்னை, மும்பையில் நடக்குமா என்கிறீர்களா? மும்பையிலேயே நடந்திருக்கிறது, ஒரு தமிழ் எழுத்தாளரே நடத்திக் காட்டியிருக்கிறார். அம்பை என்ற பெயரில் நாம் படிக்கும் சி.எஸ். லக்ஷ்மி, 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் சேர்ந்து ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். பெண்களின் குரலைப் பதிவு செய்தார்கள், புகைப்படம் சேர்த்தார்கள், சுவரொட்டி சேர்த்தார்கள். மீன் விற்றவள், மேடையில் ஆடியவள், போராட்டத்தில் சிறை சென்றவள் சொன்னால் அதுவும் வரலாறு என்று நிலைநாட்டினார்கள். இன்று தஹிசரில் அதற்கென்று சொந்தக் கட்டடம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற கதைக்காரர் அம்பை. அவர் சிறுகதைகளை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். என்னைக் கேட்டால், அந்தக் காப்பகம் அவருடைய கதைகளுக்கு ஒரு படிகூடக் குறையாத சாதனை என்பேன்.

மாட்டுங்காவிலிருந்து நடந்தே போகலாம், தாதர் இந்து காலனியில் ராஜகிருகம் நிற்கிறது. அண்ணல் அம்பேத்கர் தம் புத்தகங்களுக்காகவே திட்டமிட்டுக் கட்டிய வீடு. குடும்பம் வாழ ஒரு தளம், நூல்கள் வாழ ஒரு தளம். படிக்கும் உரிமையே மறுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் கையில் காசு வந்ததும் முதலில் எதற்கு மாடி கட்டினார் என்பதை நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கடல் கடந்தும் ஒரு காட்சியைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று ஒரு குடியிருப்பு. கறுப்பர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரும் கலந்து வாழ்ந்த நெருக்கமான இடம், நம் தாராவி மாதிரி. 1966இல் அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். அறுபதாயிரம் பேரைப் பிடுங்கி எறிந்தார்கள், புல்டோசர் வந்தது. நிறவெறி ஆட்சி முடிந்தபின், 1994இல், அங்கே ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். தரை முழுவதும் பழைய தெருக்களின் பெரிய வரைபடம். வெளியேற்றப்பட்டவர்கள் வந்து, குனிந்து, 'இங்கேதான் எங்கள் வீடு' என்று தங்கள் கையாலேயே பெயர் எழுதினார்கள். இடிப்பு வேலையை மேற்பார்வை பார்த்த ஒருவர், பழைய தெருப் பெயர்ப் பலகைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து பின்னாளில் கொடுத்தார். அவை இன்று அங்கே தொங்குகின்றன. பிறகு நிலத்துக்கான கோரிக்கை எழுந்தபோது, அந்த நினைவும் அந்தக் காகிதமும் மக்களோடு நின்றன.

அங்கே இடித்த பிறகு சேர்த்தார்கள். நமக்கு இடிப்பதற்கு முன்னாலேயே சேர்க்க நேரம் இருக்கிறது. இந்த நேரம் நீளாது. தரைவீடு போய் மாடி வரும்போது பரண் இருக்காது. பரணில் இருந்த பெட்டியை யாரும் பன்னிரண்டாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

இந்த வேலையில் சில கடமைகள் உண்டு, அவற்றையும் சொல்லிவிட வேண்டும். மூலக் காகிதத்தைக் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. வாங்கி, ஸ்கேன் எடுத்து, அன்றே திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயர், எந்தத் தெரு, எந்த ஆண்டு, படத்தில் இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதாமல் ஒரு படத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயர் தெரியாத முகம் பத்து ஆண்டில் யாருடைய முகமோ ஆகிவிடும். சீட்டு நோட்டில் கடன்பட்டவர் பெயர் இருக்கும், குடும்பச் சண்டை இருக்கும். எது திறந்து வைப்பது, எது மூடி வைப்பது என்று கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். இராமபாணப் பூச்சியும் ஈரமும் காகிதத்தின் எதிரிகள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மும்பை மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றாடும் அலமாரியும் அட்டைப் பெட்டியும் தரையிலிருந்து உயரமும் தேவை. இதற்கு நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன். யாருடைய காகிதம் சேரும்? மாட்டுங்கா சபாவின் கச்சேரி அட்டை சேர்ந்து, தாராவி ஆதிதிராவிடர் சங்கத்தின் துண்டறிக்கை சேரவில்லை என்றால் அது நூலகமே இல்லை. நாடார் உறவின்முறைக் கணக்கும், தமிழ் முஸ்லிம் ஜமாஅத்தின் பதிவும், தேவாலயத்து ஞானஸ்நானப் புத்தகமும், பிராமண வீட்டு டைரியும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்க வேண்டும். வாழும்போது ஒரே பந்தியில் உட்காராதவர்கள் அதில் இருப்பார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. உட்காரவில்லை என்பதும் பதிவாக வேண்டும். பெண்களின் எழுத்து நம் வீடுகளில் குறைவு. ஆகவே இட்லி மாவு அரைத்து விடியற்காலையில் கூடை சுமந்த அம்மாக்கள், பாப்பட் உருட்டியவர்கள், தோல் ஷாப்பில் கணவனுக்குச் சோறு கொண்டுபோனவர்கள் பேசினால் அதை ஒலிப்பதிவு செய்தாக வேண்டும். மும்பையின் மில் வட்டாரமான கிரண்காவ் தொழிலாளரின் கதையை மீனா மேனனும் நீரா அடார்கரும் இப்படி வாய்மொழியாகக் கேட்டுக் கேட்டுத்தான் 2004இல் ஒரு பெரும் நூலாக்கினார்கள். மில்களின் புகைபோக்கிகள் பல இடிந்துவிட்டன. தொழிலாளியின் சொல் அந்த நூலில் நிற்கிறது. தாராவித் தமிழச்சியின் சொல் எந்த நூலில் நிற்கப்போகிறது?

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் கையில் இருக்கும் போனில் ஒலிப்பதிவு இருக்கிறது, கேமரா இருக்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள் ஓர் இரவில் சாம்பல். அந்தத் தீயை மறக்காத தலைமுறைதான் 2005இல் 'நூலகம்' என்ற மின்நூலகத்தைத் தொடங்கியது. பெரும்பாலும் தன்னார்வலர்கள், உலகமெங்கும் சிதறியவர்கள், ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து ஏற்றினார்கள். அவர்களுக்கு நடந்தது நமக்கு நடக்கவில்லை. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

சங்க நிர்வாகிகளே, உங்கள் கட்டடத்தில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையை இதற்குத் திறந்து விடுங்கள். கோயில் கமிட்டிக்காரர்களே, பழைய கணக்கு நோட்டை எரிக்காதீர்கள், கொண்டுவந்து காட்டுங்கள். தாய்மார்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்குங்கள். பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒரு முறை எங்களைக் கூப்பிடுங்கள். வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் பெயரையும், தெருவையும், வீட்டில் என்ன காகிதம் இருக்கிறது என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நம் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.